கிணற்றிலும் டிரம்மிலும் கொசுப்புழு: மருந்து போட்டும் ஏன் திரும்ப வருகிறது?

மேடவாக்கத்து மாடி | நவம்பர் 3, இரவு 9.50

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது தனி வீடு. பின்பக்கம் ஒரு பழைய உறைகிணறு இருக்கிறது. போர் போட்ட பிறகு அதில் யாரும் தண்ணீர் இறைப்பதில்லை. சம்ப் ஒன்று, மேல்தொட்டி ஒன்று, மாடித்தோட்டத்துக்கு 200 லிட்டர் நீல டிரம் இரண்டு. பக்கத்து மனை காலி. அக்டோபர் மழையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, இப்போது கணுக்கால் அளவு.

போன மாதம் பெரியவளுக்குக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி வாசம். இப்போது தேறிவிட்டாள். அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். காலிமனையைக் காட்டி நாலு வார்த்தை கேட்கலாம் என்று நான் வேகமாக அந்தப் பக்கம் போனால், அந்த அம்மா நேராக மாடி ஏறி, டிரம்மில் டார்ச் அடித்து, "சார், கொஞ்சம் இங்க வாங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். உள்ளே கொதிக்கிற உலை மாதிரி நெளிகிறது. அதுவரை ஊரைத் திட்டிக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

டிரம்மிலும் கிணற்றிலும் அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போனார்கள். பத்தே நாளில் டிரம்மில் மறுபடி புழு. மருந்தில் ஏதாவது கலப்படமா? காலிமனையில் எண்ணெய் ஊற்றலாமா? கிணற்றுக்கு மீன் நல்லதா, மருந்து நல்லதா? இணையத்தில் ஏதோ பாக்டீரியா பொடி விற்கிறார்கள், அது வேலை செய்யுமா? வீட்டில் சின்னவன் ஒருத்தன் இருக்கிறான். இன்னொரு முறை அந்த ஆறு நாள் என்னால் முடியாது.

சாமிநாதபுரம் | நவம்பர் 3, இரவு 10.15

எண்ணெய்தான். அப்பா காலத்தில் வாராவாரம் சாக்கடையில் ஒரு ஆழாக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவோம். ஒரு கொசு இருக்காது. இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை என்பதால் மெக்கானிக் கடையில் கழிவு ஆயில் வாங்கி ஊற்றுகிறார்கள்.

வேப்பம்பூ | நவம்பர் 4, காலை 6.30

குழந்தை தேறியதே பெரிய விஷயம். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தீர்களா?

குழிக்கரண்டி | நவம்பர் 4, காலை 7.05

நிலவேம்பைப் பற்றித் தனி இழை போடுங்கள் தாயே, இங்கே புழுவைப் பேசுவோம்.

பூச்சியியல் பிரிவில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பெயருக்குக் காரணம், முப்பது வருடம் கையில் வெள்ளை எனாமல் குழிக்கரண்டியோடு ஊரெல்லாம் தண்ணீர் மொண்டு பார்த்ததுதான். வீட்டில் இன்னும் ஒன்று இருக்கிறது, மனைவி அதைச் சமையலறைக்குள் விடுவதில்லை.

மேடவாக்கம் தம்பி, மருந்தை அப்புறம் பார்க்கலாம். நாளைக் காலை வெள்ளைக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று இடத்திலும் மெதுவாக மொண்டு பாருங்கள். நிழல் விழுந்தால் புழு அடிக்குப் போய்விடும். ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் மேலே வரும். மேலே வந்த புழு எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்: தலைகீழாகத் தொங்குகிறதா, தண்ணீர் மட்டத்தோடு படுத்திருக்கிறதா? காற்புள்ளி மாதிரி சுருண்டு, தட்டினால் குட்டிக்கரணம் போடுகிறதா? அப்புறம், உங்களைப் பகலில் கடிக்கிறதா ராத்திரியிலா என்றும் சொல்லுங்கள். கொசு என்பது ஒரே ஆள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பிடித்த தண்ணீர் வேறு.

மேடவாக்கத்து மாடி | நவம்பர் 5, காலை 8.20

ஐயா, செய்தேன். பையனின் பீங்கான் கஞ்சிக் கிண்ணம் இனி தோட்டத்துக்குத்தான்.

டிரம்: தலைகீழாக, கிட்டத்தட்ட நேராகத் தொங்குகின்றன. கையசைத்தால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து அடிக்கு ஓடுகின்றன. நாலைந்து காற்புள்ளிகளும் இருந்தன. கிணறு: வாளி விட்டு எடுத்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் பார்த்தால் மெல்லிய குச்சி மாதிரி தண்ணீரின் மேல்தோலை ஒட்டிப் படுத்திருக்கின்றன. காலிமனை: தலைகீழ்தான், ஆனால் சாய்வாக, வால் நீளம். கறுப்பாக, நெல் உமி அளவில் ஏதோ ஒன்று மிதந்தது, அது என்ன?

கடி: மாலை நாலு மணிக்குக் காலில் ஒரு கூட்டம். ராத்திரி பத்து மணிக்குக் காதில் ரீங்காரத்தோடு இன்னொரு கூட்டம்.

குழிக்கரண்டி | நவம்பர் 5, காலை 10.40

பிரமாதம். பயிற்சிக்கு வந்த பையன்களில் பாதிப் பேர் இவ்வளவு சுத்தமாகக் குறிப்பு எழுதியதில்லை.

உங்கள் வீட்டில் மூன்று குடித்தனம் நடக்கிறது. டிரம்மில் ஏடிஸ், டெங்கு பரப்புவது. கிணற்றில் படுத்திருப்பது அனாபிலிஸ்; சென்னையில் கிணற்றையும் மேல்தொட்டியையும் பிடித்துக்கொண்டு காலங்காலமாக மலேரியா பரப்பிவந்தது இதன் ஒரு வகைதான், ஸ்டீபன்சி என்று பெயர். காலிமனையில் கியூலெக்ஸ், ராத்திரி காதில் பாடுகிறதே, அது. யானைக்கால் நோயைப் பரப்பும் ஆள். நீங்கள் பார்த்த உமி அதன் முட்டைத் தெப்பம், ஒரு தெப்பத்தில் நூறிலிருந்து முந்நூறு முட்டை இருக்கும். விரலால் நசுக்கிவிடுங்கள், ஆன மட்டும் லாபம்.

இப்போது டிரம். மருந்தில் கலப்படம் இல்லை. ஏடிஸ் தண்ணீரில் முட்டை போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டும். கறுப்பாக, கடுகில் கால்வாசி கூட இருக்காது. தண்ணீர் இறங்கி அந்த இடம் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டால் பொரிக்கும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? காலையில் செடிக்கு மொண்டு டிரம்மை இறக்குகிறீர்கள், மாலையில் மோட்டார் போட்டு நிரப்புகிறீர்கள். அதற்கு இதைவிட வசதி வேண்டுமா? ஊற்றிய அபேட்டும் நாலு நாளில் உங்கள் கத்திரிக்காய்க்குப் போய்விட்டது. அடியில் இருப்பது புதுத் தண்ணீர், சுவரில் இருப்பது பழைய முட்டை. எங்கள் ஊர் வெயிலுக்கு முட்டை பொரித்ததிலிருந்து ஏழு முதல் பத்து நாளில் கொசு பறந்துவிடும். உங்கள் பத்து நாள் கணக்கு சரியாக இருக்கிறதா?

ஆகவே டிரம்முக்கு மருந்து தேங்காய்நார். வாரம் ஒருநாள் முழுக்கக் காலி செய்து, உட்சுவரை மேலிருந்து கீழ்வரை நாரால் அழுத்தித் தேய்த்து, கழுவி ஊற்றுங்கள். கழுவிய தண்ணீரை மண்ணில் கொட்டுங்கள், வடிகாலில் வேண்டாம். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் ஒரு புண்ணியமும் இல்லை.

அந்தக் காற்புள்ளிதான் கூட்டுப்புழு. அது எதையும் தின்னாது. அதனால் அபேட்டும் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, நீங்கள் கேட்ட பாக்டீரியாவும் செய்யாது. இரண்டு நாளில் கொசுவாகிவிடும். "மருந்து ஊற்றிய மறுநாளே கொசு பறக்கிறது சார்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அது முந்தின நாளே மருந்தைத் தாண்டிப் போன கூட்டம்.

பாக்டீரியா பொடியைப் பற்றி மாலையில் எழுதுகிறேன். பேத்தி பள்ளியிலிருந்து வரும் நேரம்.

குப்பிமீன் | நவம்பர் 5, மதியம் 1.10

கிணற்றுக்கு மீன், வேறு பேச்சே வேண்டாம். கம்பூசியா பத்து ஜோடி விடுங்கள். மாநகராட்சியில் கேட்டாலே சில இடங்களில் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு மீன் நூறு புழுவுக்குக் குறையாமல் தின்னும். குட்டி போடும் மீன் என்பதால் தானாகப் பெருகும். எங்கள் தெருவில் ஒன்பது கிணற்றில் விட்டிருக்கிறேன்.

சதுப்புநிலத்தான் | நவம்பர் 5, மதியம் 1.45

குப்பிமீன் அண்ணா, கிணற்றோடு நிறுத்திக்கொண்டால் சரி. போன வருடம் இதே தளத்தில் ஒருவர் ஏரியில் கம்பூசியா விட்டேன் என்று பெருமையாகப் படம் போட்டிருந்தார். பார்த்து வயிறு எரிந்தது. அது வட அமெரிக்க மீன். 1928இல் இத்தாலியிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். குளத்தில் விட்டால் கொசுப்புழுவோடு நிறுத்தாது. தவளைக் குஞ்சு, நம் ஊர்ச் சிறு மீன்களின் முட்டை எல்லாவற்றையும் தின்னும். மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். கொசுப்புழுவைத் தின்கிற தட்டான் குஞ்சுகளையும் விடாது. மொத்தக் கணக்கில் லாபமா நஷ்டமா என்று பாருங்கள்.

நம் வயல் வாய்க்காலிலேயே, தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன மீன் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரியும். சின்ன வயதில் கொட்டாங்குச்சியில் பிடித்து விளையாடியிருப்பீர்கள். அதன் வாய் மேல்நோக்கித் திறப்பது, மேலே மிதக்கும் புழுவுக்கென்றே செய்த மாதிரி. அதைப் பிடித்து விடலாமே?

குப்பிமீன் | நவம்பர் 5, மதியம் 2.05

மேடவாக்கத்தில் வயல் வாய்க்கால் எங்கே இருக்கிறது தம்பி? இருந்த வயலில்தான் அவர் வீடு கட்டியிருப்பார்.

சதுப்புநிலத்தான் | நவம்பர் 5, மதியம் 2.09

😂 சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கப்பி. அதுவும் வெளிநாட்டு மீன்தான், 1908இல் வந்தது. ஆனால் எந்த மீன் கடையிலும் கிடைக்கும். கொஞ்சம் அழுக்குத் தண்ணீரையும் தாங்கும். கிணற்றுக்குள்ளேயே இருக்கட்டும். மழையில் கிணறு வழிந்து வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லூர்க் கிணற்றடி | நவம்பர் 5, மாலை 5.30

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே கொசு என்று சொல்வதில்லை, நுளம்பு. ஸ்டீபன்சி என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. எல்லோருக்கும் சந்தோசம். அந்த வருசம் முடியமுன்னமே, முன்பு இந்த நாட்டில் கண்டிராத அந்த ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் கிணறுகளில் பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும். எங்கள் ஊரில் ஆறு குளம் எங்கே, எல்லா வீட்டுக்கும் கிணறுதான். அதுவும் பாதிக் கிணறுகள் ஆட்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கும் வளவுகளில். அதனால் பரிசோதகர்கள் கிணறு கிணறாக ஏறி இறங்கி, மீன் விட்டு, மருந்து போட்டு, பாவிக்காத கிணறுகளை வலை போட்டு மூடச் சொன்னார்கள். எங்கள் கிணற்றிலும் மீன் விட்டார்கள். அம்மா அதுக்குத் தினமும் சோறு போடுகிறா. வயிறு நிறைந்த மீன் குடம்பியை, நீங்கள் சொல்லும் கொசுப்புழுவை, தின்னுமோ என்று கேட்டால் அவவுக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு விசயம். ஏடிஸ் என்றால் நல்ல தண்ணீர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் குடாநாட்டுக் கரையோரத்தில் சவர்த்தண்ணீரிலும் அது பெருகுவதை இங்குள்ள பல்கலைக்கழக ஆட்கள் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். கடற்கரையில் கிடக்கும் உடைந்த வள்ளம், பிளாஸ்டிக் குப்பி, சிரட்டை எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும்.

மேடவாக்கத்து மாடி | நவம்பர் 5, மாலை 6.00

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். எங்கள் வீட்டிலும் சோறு போட ஆள் இருக்கிறது, இப்போதே கண்டித்து வைக்கிறேன்.

குழிக்கரண்டி | நவம்பர் 5, இரவு 8.30

பாக்டீரியா விஷயம். சுருக்கப் பெயர் பி.டி.ஐ. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கொசுப்புழுக்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. அந்தச் சேற்றை எடுத்துப் பார்த்தபோது கிடைத்த பாக்டீரியா இது. நம் புதுச்சேரியில் நோய்பரப்பி ஆராய்ச்சி மையம் இருக்கிறதே, மத்திய அரசுடையது, அவர்களும் உள்ளூரிலேயே ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்துத் தயாரிக்கும் முறையைக் கண்டார்கள். பி17 என்பது அதன் எண்.

இது விஷம் மாதிரி உடம்பில் பட்டுக் கொல்வதில்லை. புழு இதைத் தின்ன வேண்டும். பாக்டீரியாவுக்குள் ஒரு புரதப் படிகம் இருக்கிறது. கொசுப்புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அங்கே அந்தப் படிகம் கரைந்து, குடல் சுவரைப் பொத்தலாக்கிவிடும். ஒரு நாளுக்குள் கதை முடியும். நம் வயிறு அமிலம், அங்கே அது ஒன்றும் செய்யாது. மீன், தவளை, தேனீ எதற்கும் கேடில்லை. கத்திரிக்காய்க்கும்தான். ஒன்றுக்கு நாலு நச்சுப் புரதம் சேர்ந்து வேலை செய்வதால் கொசு இதற்குப் பழகிக்கொள்வதும் கடினம்.

குறை இல்லாமலா? வெயில் பட்டால் வீரியம் போகும். கனமாக இருப்பதால் அடியில் படிந்துவிடும். சாக்கடை மாதிரி கெட்ட தண்ணீரில் புழு தின்ன வேறு எவ்வளவோ இருப்பதால் மருந்து அதன் வாய்க்குப் போவது குறைவு. சாதாரணத் தண்ணீரில் பொடியோ திரவமோ ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். கரைந்துகொண்டே இருக்கும் வில்லை ரகம் ஒரு மாதம் வரும். ஸ்பெரிக்கஸ் என்று இதன் சித்தப்பா மகன் ஒன்று உண்டு, அழுக்குத் தண்ணீரில் கியூலெக்ஸுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் அதையே விடாமல் ஊற்றிக் கொச்சியில் 1990களில் கொசு பழகிப்போனது. ஒரே மருந்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது.

எண்ணெய் விஷயமும் சொல்லிவிடுகிறேன். அதன் தத்துவம் சரிதான். புழுவும் கூட்டுப்புழுவும் மேலே வந்து மூச்சு விட வேண்டும், எண்ணெய்ப் படலம் அதை அடைத்துவிடும். கூட்டுப்புழுவையும் கொல்வது அதன் தனிச் சிறப்பு. ஆனால் காற்றடித்தால் படலம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். கழிவு ஆயில் என்பது கன உலோகம் கலந்த சரக்கு. பக்கத்தில் போர், பின்னால் கிணறு வைத்துக்கொண்டு அதை மண்ணில் ஊற்றினால் அடுத்த வருடம் வேறு இழை போட வேண்டியிருக்கும்.

அபேட் பற்றியும். தமிழ்நாட்டில் ஊற்றுவதற்கு முன் தண்ணீர் கலந்து நீர்க்கவைத்துத்தான் கொண்டுவருவார்கள். குடிதண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. வாசனை பிடிக்கவில்லை என்று பலர் அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் தொட்டியைக் கொட்டிவிடுவார்கள். கொட்டினாலும் பரவாயில்லை, அப்போதே தேய்த்துக் கழுவினால். நீங்களாகக் கெட்டி மருந்தை வாங்கி அளவில்லாமல் ஊற்றாதீர்கள்.

வாளிக்காரன்_கோவை | நவம்பர் 6, காலை 9.15

நான் வேறு மாதிரி செய்கிறேன். இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டினால் பெண் கொசு முட்டை போட வேறு வீட்டுக்குப் போகும், அவ்வளவுதானே? நானே ஒரு கறுப்பு வாளியில் தண்ணீர், ஒரு பிடி காய்ந்த புல், அதில் பி.டி.ஐ. வில்லை ஒன்று போட்டுத் தோட்டத்து நிழலில் வைத்திருக்கிறேன். கொசு வந்து முட்டை போடும்; பொரிக்கிற புழு செத்துவிடும். மூன்று மாதமாக மாலையில் வாசலில் உட்கார முடிகிறது.

குழிக்கரண்டி | நவம்பர் 6, காலை 9.50

தத்துவம் சரி, ஆராய்ச்சிக்காரர்கள் முட்டைப் பொறி வைப்பதும் இப்படித்தான். ஆனால் வில்லையின் காலம் முடிந்த தேதியை எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் தெருவிலேயே மிகச் சிறந்த கொசுப் பண்ணை உங்களுடையதுதான்.

வாளிக்காரன்_கோவை | நவம்பர் 6, காலை 10.30

காலண்டரில் எழுதியிருக்கிறேன் ஐயா.

வாளிக்காரன்_கோவை | நவம்பர் 6, காலை 11.10

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். காலண்டரில் எழுதியது சரி. நான்தான் காலண்டரைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் தாண்டிவிட்டது. உள்ளே காற்புள்ளி பத்துப் பதினைந்து. கொட்டிவிட்டேன்.

செம்பவாங் அக்கா | நவம்பர் 6, மதியம் 12.40

சிங்கப்பூரில் பழைய அடுக்குமாடி வீடுகளில் துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருக, சன்னலுக்கு வெளியே குழாய் மாதிரி ஒரு துளை இருக்கும். அதில் தேங்கும் ஒரு கரண்டி மழைத்தண்ணீர் போதும் ஏடிஸுக்கு. அதற்கென்றே மூடி போடச் சொல்லிப் பல வருடம் பிரசாரம் செய்தார்கள். வீட்டில் புழு பிடிபட்டால் அபராதம் வேறு. என் மாமியார் பூஜை அறைக் கும்பத்தின் தண்ணீரை ரெண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது பக்தியாலா பயத்தாலா என்று எங்களுக்கே தெரியாது.

விருதுநகர் வனிதா | நவம்பர் 6, இரவு 7.20

எல்லோரும் "காலி செய், கொட்டு" என்று எளிதாகச் சொல்கிறீர்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை. சில சமயம் பன்னிரண்டு. குடம், அண்டா, சிமெண்ட் தொட்டி, டிரம் என்று இருக்கிற பாத்திரமெல்லாம் பிடித்து வைப்போம். ஏழாவது நாள் தொட்டியைக் கொட்டு என்றால் மூன்று நாள் என்ன குடிப்பது? அதிகாரி வந்து புழுவைக் காட்டி நோட்டீஸ் கொடுக்கிறார். தண்ணீரை ஏழு நாளுக்குள் விட்டால் நான் ஏன் பத்து நாள் சேமிக்கிறேன் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

குழிக்கரண்டி | நவம்பர் 6, இரவு 8.45

அம்மா, நீங்கள் கேட்டது நியாயம். பணியில் இருந்தபோது இதற்கு என்னிடமும் பதில் இருந்ததில்லை. நோட்டீஸ் புத்தகம் மட்டும் இருந்தது.

முடிந்தது இதுதான். வாயகன்ற பாத்திரங்களுக்குப் பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து, வாயில் போட்டு, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்குங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது. தொட்டால் துணி வழியாகவே முட்டை போட்டுவிடும். தட்டு போட்டு மூடுவது பற்றாது, இடுக்கு இருக்கும். குழாய் வருவதற்கு முந்தின இரவு பாத்திரங்கள் எப்படியும் அடி காணும் அல்லவா? அப்போது உட்சுவரைத் தேயுங்கள். நிரப்பிய பிறகு தேய்ப்பதைவிட அதுதான் முக்கியம். மூட முடியாத சிமெண்ட் தொட்டியில் கப்பி நாலைந்து விடலாம். வியட்நாமில் கிராமத்துத் தொட்டிகளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நன்னீர் உயிரி ஒன்றை விட்டே ஏடிஸைப் பல ஊர்களில் இல்லாமல் செய்தார்கள். சைக்ளாப்ஸ் வகை, புதிதாகப் பொரித்த புழுவைப் பிடித்துத் தின்னும். நமக்கு அது கைக்கு எட்டும் நிலையில் இல்லை.

விருதுநகர் வனிதா | நவம்பர் 6, இரவு 9.00

வேட்டி யோசனை நல்லது. தண்ணீர் பிடிக்கும்போது அவிழ்த்துக் கட்ட ஒரு ஆள் வேண்டும், பார்க்கலாம்.

கட்டடப் பொறியாளர் | நவம்பர் 7, காலை 8.00

மேடவாக்கம் சார், ராத்திரிக் கொசுவுக்குக் காலிமனையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் உச்சியைப் பாருங்கள். வலை கட்டியிருக்கிறதா? கியூலெக்ஸுக்குச் செப்டிக் டேங்க் என்பது குளிர்சாதன வசதியோடு கூடிய மாளிகை. மழை அடித்துக்கொண்டு போகாது, வெயில் படாது, சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. அந்தக் குழாய் ஒன்றுதான் வாசல். அதே மாதிரி மேன்ஹோல் மூடியில் விரல் நுழையும் ஓட்டை இருந்தால் சிமெண்ட் பூசுங்கள். நான் பார்த்த ஒரு அடுக்குமாடியில் ஆறு மாதம் புகை அடித்தார்கள். புழு இருந்தது லிஃப்ட் குழிக்குள். புகை பறக்கிற கொசுவைக் கொல்லும், தண்ணீரில் இருப்பது கவலைப்படாமல் வளரும்.

மேடவாக்கத்து மாடி | நவம்பர் 29, மாலை 6.40

மூன்று வாரம் கழித்து நிலவரம் சொல்கிறேன்.

செப்டிக் குழாயில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கட்டியிருந்த வலை வெயிலில் பொடிந்து, ஒரு முடிச்சு மட்டும் நினைவுச்சின்னமாக இருந்தது. புது நைலான் வலையை இரட்டையாக மடித்துக் கம்பி போட்டு இறுக்கினேன். நாலைந்து நாள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் ராத்திரிப் பாட்டு நன்றாகக் குறைந்தது. ஒரு விடியற்காலை டார்ச்சோடு ஏறிப் பார்த்தபோது வலையின் உட்பக்கம் கொசுக்கள் கருகருவென்று அப்பிக்கொண்டிருந்தன. வெளியே போக வழி தேடிக்கொண்டு. ஒரு பத்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்தேன். மனைவி கீழிருந்து என்ன என்று கேட்டாள். "படம் பார்க்கிறேன்" என்றேன்.

காலிமனை: உரிமையாளர் வெளியூர், போனை எடுப்பதில்லை. நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கித் தெரு வடிகால் வரை வாய்க்கால் கீறினோம். முக்கால்வாசி வடிந்தது. மிச்சம் இருந்த மூன்று பள்ளத்தில் பி.டி.ஐ. தெளித்தேன், மறுநாள் புழு இல்லை. எட்டாம் நாள் மறுபடி இருந்தது, மறுபடி தெளித்தேன். பொடி விலை கொஞ்சம் கையைக் கடிக்கிறது.

கிணற்றில் கப்பி இருபது. கிண்ணத்தில் மொண்டால் இப்போது படுத்திருக்கும் ஆட்கள் இல்லை. டிரம் ஞாயிறுதோறும் தேய்க்கப்படுகிறது. அந்த வேலை பெரியவளுடையது, விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சுவரில் கறுப்புப் புள்ளிகளை லென்ஸ் வைத்துக் காட்டினாள். உண்மையில் அது முட்டைதான் போலிருக்கிறது.

ஆனால் மாலை நாலு மணிக் கூட்டம் மட்டும் போகவே இல்லை. ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், ஏசி தண்ணீர் விழும் வாளி, பழைய ஆட்டுக்கல் எல்லாம் பார்த்தாயிற்று. நேற்றுதான் பிடிபட்டது. மழையில் கிணறு வழிந்து கப்பி வெளியே போகக் கூடாது என்று கிணற்றின் மேல் நீலத் தார்ப்பாய் போட்டு, நாலு பக்கமும் செங்கல் வைத்திருந்தேன். நடுவில் அது தொய்ந்து, மழைத்தண்ணீர் இரண்டு குடம் அளவு தேங்கி, ஸ்படிகம் மாதிரி தெளிந்து நிற்கிறது. அதில் தலைகீழாக ஒரு பட்டாளம். கீழே இருபது மீன் பசியோடு, மேலே ஒரு முழம் தள்ளி விருந்து, நடுவில் என் தார்ப்பாய்.

குப்பிமீன் | நவம்பர் 29, மாலை 6.55

😂😂 மீனுக்குத் துரோகம்.

நல்லூர்க் கிணற்றடி | நவம்பர் 29, இரவு 7.30

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அதுக்குத்தான் நான் சோறு போடுறன்" என்கிறா.

குழிக்கரண்டி | நவம்பர் 29, இரவு 8.10

தார்ப்பாயை உடனே எடுங்கள். மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து மூடி செய்யுங்கள், மழை உள்ளே போகட்டும், கொசு போகாது. வழிவதுதான் பயம் என்றால் கைப்பிடிச் சுவரை ஒரு வரிசை செங்கல் உயர்த்துங்கள். செப்டிக் வலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள், நைலான் வெயிலுக்கு நிற்காது.

அப்புறம் ஒரு கேள்வி. தார்ப்பாயை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மேடவாக்கத்து மாடி | நவம்பர் 29, இரவு 8.14

மாடியில் சுருட்டிப் போட்டிருக்கிறேன் ஐயா. இங்கே இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது. இதோ போகிறேன்.